பாஷை பண்ணப் போறியாலே?

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. புதுசா ஒரு பாஷை பண்ணுதியாமே, உங்க ஆத்தா சொன்னா. முப்பது உயிரெழுத்தாம், எழுபது மெய்யெழுத்தாம். தொண்டைக்குழியில ஒரு சத்தம், மூக்குல ஒரு சத்தம், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு சத்தம். வேத்துமை மட்டும் நாப்பதாம். நமக்கு எட்டுதான். அந்த எட்டையே பரிட்சையில ஒழுங்கா எழுதாதவன் நீ. நாப்பதை வச்சு என்னலே செய்யப் போற?

கோவிச்சுக்கிடாத. பாஷை பண்ணுதது ஒண்ணும் குத்தம் இல்ல. பாதிரியார் பண்ணியிருக்காரு, கண் டாக்டர் பண்ணியிருக்காரு, சங்கீத வாத்தியார் பண்ணியிருக்காரு, சினிமாவுக்குன்னே பண்ணியிருக்காக. எது நின்னுச்சு, எது சாஞ்சுச்சு, ஏன் சாஞ்சுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு நீயும் பண்ணு. கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கியா? கிழவன்னா படிக்க மாட்டான்னு எந்தப் புஸ்தகத்துலலே படிச்ச?

முதல்ல அந்தப் பாதிரியார் கதை. ஜெர்மனியில பாடன் சீமை. யோஹான் மார்ட்டின் ஷ்லையர்னு பேரு. 1879-ல ஒரு ராத்திரி தூக்கம் வரல. உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரு பாஷை பண்ணுன்னு கடவுளே உத்தரவு குடுத்ததா அவரே சொல்லியிருக்காரு. நமக்குத் தூக்கம் வரலைன்னா எந்திரிச்சு ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் படுப்போம். அவரு இலக்கணம் எழுத உக்காந்துட்டாரு.

பாஷைக்குப் பேரு வோலப்யூக். 'வோல்'னா உலகம். 'ப்யூக்'னா பேச்சு. நடுவுல நிக்க 'அ' ஆறாம் வேத்துமை. உலகத்தோட பேச்சு. இங்கிலீசு 'வேர்ல்டு'ல இருந்துதான் 'வோல்' வந்துச்சு. நடுவுல இருந்த 'ர்' எங்கலே போச்சு? சீனாக்காரங்களுக்கு 'ர' வராதுன்னு நெனச்சாரு, எடுத்துட்டாரு. நல்ல மனசு. அப்ப அமெரிக்காவுல ஒரு 'ர' இருக்கே? அதையும் எடு. அமெரிக்கா 'மெலோப்' ஆயிருச்சு. ஐரோப்பா 'யூலோப்' ஆயிருச்சு. தன் ஊருப் பேரைக் கேட்டுட்டு அது எந்தச் சீமைன்னு விசாரிக்க வேண்டிய நிலைமை அமெரிக்காக்காரனுக்கு.

'ர'வுக்கு இத்தனை கவலைப்பட்ட மனுசன் அந்த 'ப்யூக்'குக்குள்ள ஒரு உயிரெழுத்து வச்சாரு பாரு! 'உ' சொல்லுததுக்குக் குவிக்கணும்லா உதட்டை, அப்படிக் குவி. உதடு அசையாம உள்ளுக்குள்ள 'இ' சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்? ஏலே, சீட்டி அடிக்கச் சொல்லல, எழுத்தைச் சொல்லச் சொன்னேன். தலையில ரெண்டு ரெண்டு புள்ளி வச்சு அது மாதிரி மூணு எழுத்து. ஜெர்மன்காரனுக்கு அது தொட்டில்லயே வந்துரும். மத்தவனுக்கு வருமா, நமக்கு வருமான்னு அவரு யோசிக்கல. தன் வாயில வாரது எல்லாம் சுளுவு, அடுத்தவன் வாயில வாரதுதான் கஷ்டம். இந்த நெனப்பு இல்லாத மனுசனை நான் இன்னும் பாக்கல. உன் எழுபது மெய்யெழுத்தையும் சேத்துத்தான் சொல்லுதேன்.

வினைச்சொல்லுக்கு வா. 'லோஃபோப்'னா நான் நேசிக்கேன். கடைசியில 'ஓல்' வச்சா நீ, 'ஓம்' வச்சா அவன். முன்னால ஒரு 'ஓ' போட்டா நாளைக்கு நேசிப்பேன். 'எ' போட்டா நேசிச்சு முடிஞ்சாச்சு. அதுக்கும் முன்னால 'ப' ஒட்டினா செயப்பாட்டு வினை. இப்படி முன்னாலயும் பின்னாலயும் ஒட்டிக்கிட்டே போனா, ஒத்த வினைச்சொல்லு 5 லட்சத்துக்கு மேல உருவம் எடுக்கும்னு கணக்குப் போட்டவுக சொல்லுதாக. பொண்டாட்டிகிட்டப் போயி 'நேசிக்கேன்'னு சொல்ல 5 லட்சம் வழி. சரியான வழியைத் தேடி எடுக்கதுக்குள்ள அவ பொறந்த வீட்டுக்குப் பஸ் ஏறியிருப்பா.

ஆனா சும்மா சொல்லக்கூடாது. இத்தனை கோணலோடயும் அந்தப் பாஷை ஓடுச்சுலே. பத்தே வருசத்துல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ஊருக்கு ஊரு சங்கம். 1889 வாக்குல 283 சங்கம், 25 பத்திரிகைன்னு கணக்கு. அந்த வருசம் பாரீசுல மூணாவது மாநாடு. மேடைப் பேச்சு, விவாதம் எல்லாம் வோலப்யூக்லயே. சோறு பரிமாறினவுக கூட அதைத்தான் பேசினாகளாம். அப்ப எங்க சறுக்குச்சு? சத்தத்துலயா? இலக்கணத்துலயா?

கேளு. ஆகுஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ்னு ஒரு டச்சுக்காரரு. பாஷைக்குன்னு வச்ச கழகத்துக்கு அவருதான் தலைவரு. பேசிப் பழகின ஆளுகளுக்கு எங்கெங்க நாக்கு மாட்டுதுன்னு தெரியும்லா? அதையெல்லாம் கொஞ்சம் சுளுவாக்குவோம்னாரு. பாதிரியாரு ஒத்துக்கிடல. கழகம் என்ன முடிவு எடுத்தாலும் அதை ரத்துப் பண்ணுத அதிகாரம் தனக்கு வேணும்னு நின்னாரு. மகளைக் கட்டிக்குடுத்துட்டு, விடிஞ்சதும் சம்பந்தி வீட்டு அடுப்படியில போயி உக்காந்து குழம்புக்கு உப்புப் பாக்க அப்பனைப் பாத்திருக்கியா? அந்த வீடு எத்தனை நாள் தாங்கும்? சங்கம் ரெண்டாச்சு, நாலாச்சு, கலைஞ்சுபோச்சு. ஷ்லையர் 1912 வரைக்கும் இருந்தாரு. தான் பெத்த பாஷை தன் கண் முன்னால சாயுததைப் பாத்துட்டுத்தான் போனாரு. 5 லட்சம் வினை உருவத்தைத் தாங்கின பாஷை, ஒரு மனுசனோட பிடிவாதத்தைத் தாங்கல. இதை மனசுல வச்சுக்கோ, பின்னால வேணும்.

இப்ப உன் தொண்டைக்குழிச் சத்தத்துக்கு வாரேன். அதை எங்க இருந்து பிடிச்ச? கிளிங்கான்ல இருந்துதானே? அமெரிக்காவுல 'ஸ்டார் ட்ரெக்'னு ஒரு கதை. அதுல நெத்தி மேடும் பள்ளமுமா இருக்க வேத்துக் கிரகத்துச் சண்டைக்காரப் பயலுவ. 1984-ல வந்த மூணாவது படத்துக்காக மார்க் ஓக்ராண்ட்ங்கிற மொழியியல்காரரு அவனுவளுக்கு ஒரு பாஷை பண்ணிக்குடுத்தாரு. அடுத்த வருசமே அகராதியும் வந்துருச்சு. கிளிங்கான், கிளிங்கான்னு நாம சொல்லுதோமே, அந்த 'க்' அவனுவ பாஷையிலயே கிடையாது. அடித்தொண்டையைக் காறுத சத்தம் உண்டு. நாக்கை மடிச்சு மேலண்ணத்தைத் தட்டுத 'ட' ஒண்ணு உண்டு. தனித்தனியாப் பாத்தா எல்லாம் பூமியில ஏதோ ஒரு ஊரு பேசுத சத்தம்தான். சேத்து வச்ச சேர்மானம்தான் புதுசு. ஆடு, மாடு, வீடுன்னு உங்க பாட்டி நாளெல்லாம் சும்மா பேசுத 'டு'வை, இங்கிலீசுக்காரன் அகராதி வாங்கி வச்சு, கண்ணாடி முன்னால நின்னு பழகுதான்.

வாக்கிய வரிசையிலயும் அப்படித்தான் புரட்டி வச்சாரு. செயப்படுபொருள் முதல்ல, வினை நடுவுல, எழுவாய் கடைசியில. உலகத்துப் பாஷைகள்ல இதை வழக்கமான வரிசையா வச்சிருக்கது ரொம்ப அபூர்வம். அதனாலதான் எடுத்தாரு. நீயும் வாயைப் பொளந்துக்கிட்டு 'ஆகா'ங்க. 'சோத்தைத் தின்னுட்டான் பய', 'பையைத் தொலைச்சிட்டான் தடியன்', இது என்னலே வரிசை? கோவம் வந்துட்டா நம்ம தெருவே கிளிங்கான்தான்.

அந்தப் பாஷையில வணக்கத்துக்கு வார்த்தை கிடையாது. எதுக்க வந்தவனைப் பாத்து 'நுக்நெஹ்'ம்பான். 'என்ன வேணும்?'னு அர்த்தம். இதுக்காக வேத்துக் கிரகம் போகணுமா? நம்ம கடைத்தெருவுல கடன்காரனைக் கண்டா எல்லாரும் அதைத்தானே கேக்கோம்!

அமெரிக்காவுல ஒரு மொழியியல்காரரு தான் பெத்த புள்ளைகிட்ட மூணு வருசம் போலக் கிளிங்கான்லயே பேசிப் பாத்தாரு. தாயி இங்கிலீசு பேசுனா. வாளுக்கு வார்த்தை இருந்துச்சு, சண்டைக்கு இருந்துச்சு, விண்கப்பலுக்கு இருந்துச்சு. வீட்டுல கிடக்க மேசைக்கும் பாட்டிலுக்கும் இல்ல. கைப்புள்ளைக்கு விண்கப்பல் எதுக்குலே? அவன் தாயி பக்கம் போயிட்டான். புத்திசாலிப் புள்ளை.

நம்ம பக்கத்துலயும் ஒண்ணு உண்டு. 2015-ல 'பாகுபலி' பாத்தோமே. காலகேயன் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசினானே, அது மதன் கார்க்கி பண்ணின கிளிக்கி. 750 வார்த்தை, 40 இலக்கண விதி. 'மின்'னா நான், 'நிம்'னா நீ. திருப்பிப் போட்டிருக்காரு பாத்தியா? எனக்கு எதுக்க நிக்கவன்தானே நீ. படத்துக்கு அது போதும். பாக்கவனுக்குப் புரியணும்னு அவசியம் இல்ல, பயம் வந்தாச் சரி. வேலைக்கு ஏத்த அளவு. அளவு தெரிஞ்சு செய்யுதவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

இந்தத் திருப்பிப் போடுத வித்தையைப் பிரான்சுல 19-ம் நூத்தாண்டுலயே ஒருத்தரு பண்ணிட்டாரு. பிரான்சுவா சூத்ருன்னு ஒரு சங்கீத வாத்தியார். பாஷைக்கு மொத்தம் ஏழே ஏழு அசை. நமக்குச் ச-ரி-க-ம, அவுகளுக்கு டோ-ரே-மி. அதைச் சேத்துச் சேத்தே வார்த்தை எல்லாம். வாயால சொல்லலாம், பாடலாம், பிடில்ல வாசிச்சுக் காட்டலாம். பாஷைக்குப் பேரு சோல்ரெசோல். 'டோமிசோல்'னா கடவுள். அதையே திருப்பி 'சோல்மிடோ'ன்னா சாத்தான். நல்லாத்தான் இருக்கு. கச்சேரியில அபசுரம் விழுந்தா காதைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிரலாம். இதுல சுரம் இடம் மாறினா சாமி கும்பிடப் போனவன் சாத்தானைக் கூப்பிட்டுருவானேலே!

சரி, உன் நாப்பது வேத்துமைக்கு வருவோம். உன்னைத் தூக்கிச் சாப்பிடுத ஆளு ஒருத்தரு இருக்காரு. அமெரிக்காக்காரரு, ஜான் கிஹாடா. அவரு பண்ணினது இத்குயில். 2011-ல வந்த பதிப்புல வேத்துமை மட்டும் தொண்ணூறுக்கு மேல. மனுசன் நெனைக்க நெனப்பு எல்லாத்தையும் சந்தேகமே இல்லாம ஒத்த வார்த்தைக்குள்ள அடக்கணும்னு ஆசை. அடக்கிட்டாரு. அந்தப் பாஷையைப் பண்ணினவராலயே சரளமாப் பேச முடியாது. அவரே ஒத்துக்கிட்டாரு. அதுல ஒரு யோக்கியம் இருக்கு. பேசுததுக்காகச் செய்யல, யோசனைக்காகச் செஞ்சாரு.

அதுக்கு நேர் எதுக்க கனடாவுல ஒரு அம்மா. சோன்யா லாங்னு பேரு. 2001-ல டோக்கி போனான்னு ஒண்ணு பண்ணினா. மொத்த வார்த்தையே 120 சொச்சம். எழுத்து 14. உயிரு அஞ்சு, மெய்யி ஒம்பது. காக்காவுல இருக்க 'க'வுக்கும் தங்கத்துல இருக்க 'க'வுக்கும் தனித்தனி எழுத்துக் கிடையாது, நம்ம எழுத்துல எப்படியோ அப்படியே. 'தெலோ'ன்னா தண்ணி. 'நாசா'ன்னா கிறுக்கு. சாராயத்துக்கு என்ன பேரு தெரியுமா? 'தெலோ நாசா'. கிறுக்குத் தண்ணி! ஒரு கிறுக்குப் பிடிச்ச தண்ணியில எத்தனை குடும்பம் நாசாவாப் போச்சுன்னு அந்த அம்மாவுக்கு யாரு சொன்னா? எண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு, அப்புறம் 'முதே'. அப்படின்னா நிறைய. அந்தப் பாஷையில வட்டிக்கு விட முடியாது. அது ஒரு பெரிய சவுகரியம். சிரிக்காதலே, 120 வார்த்தையை வச்சுக்கிட்டுப் பேசுதவன் எழுதுதவன் உலகம் பூரா இருக்கான். தொண்ணூறு வேத்துமை வச்சவருக்குப் பதில் பேச ஆள் இல்ல.

இனிமேதான் நான் சொல்ல வந்த ஆளு. லுட்விக் சாமென்ஹோஃப். 1859-ல பியாலிஸ்டோக்னு ஒரு ஊருல பொறந்தாரு. அப்ப அது ருசியா ராசா கையில, இப்ப போலந்துல. யூதன் ஒரு தெரு, போலந்துக்காரன் ஒரு தெரு, ருசியாக்காரன், ஜெர்மன்காரன்னு ஆளுக்கு ஒரு பாஷை. பாஷைக்குப் பாஷை சண்டை. எல்லாருக்கும் பொதுவா ஒரு பாஷை இருந்தா அடிச்சுக்கிட மாட்டானுகன்னு சின்னப் பையனா இருக்கையிலயே நெனச்சாரு. இந்த ஒரு எடத்துல எனக்குச் சம்மதம் இல்ல. ஒரே பாஷை பேசுத அண்ணனும் தம்பியும் வரப்புக்கு வெட்டிக்கிடுததைப் பாத்தவன் நான். ஆனா மனசு நல்ல மனசு.

பள்ளிக்கூடத்துல படிக்கையிலயே முதல் பாஷையைப் பண்ணிட்டாரு. மேல படிக்க மாஸ்கோ போனப்ப அந்த நோட்டை அப்பன் அடுப்புல போட்டுட்டாருன்னு ஒரு பேச்சு உண்டு. அப்பன்மாரு எல்லாச் சீமையிலயும் ஒண்ணுதான். பையன் திரும்பி வந்து, கண் டாக்டராயி, பாஷையை மறுபடி சீர்திருத்தி எழுதினாரு. 1887-ல வார்சாவுல சின்னதா ஒரு புஸ்தகம் போட்டாரு. காசு யாரு குடுத்தா? பொண்ணு குடுக்கப் போற மாமனாரு. கல்யாணத்துக்கு முந்தியே மாமனார் காசுல இலக்கணப் புஸ்தகம் அச்சடிச்ச மாப்பிள்ளைலே அவரு! நம்ம ஊருல மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் கேப்பான்.

புஸ்தகத்துல தன் பேரைப் போடாம 'டாக்டர் எஸ்பெரான்டோ'ன்னு போட்டாரு. நம்பிக்கையோட இருக்கவன்னு அர்த்தம். அதுவே பாஷைக்கும் பேராயிருச்சு. உள்ள ஒரு சீட்டும் வச்சிருந்தாரு. 'ஒரு கோடிப் பேரு இதைப் படிக்கேன்னு வாக்குக் குடுத்தா நானும் படிக்கேன்', இதுல கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பணும். சாமர்த்தியத்தைப் பாத்தியா? யாரு முதல்ல கிணத்துல குதிக்கதுன்னு எல்லாரும் எட்டிப் பாத்துக்கிட்டு நிப்பானுகன்னு தெரிஞ்சிருக்கு. கோடிச் சீட்டு வரல. வராட்டி என்ன? சீட்டை எதிர்பாக்காம சில பேரு படிக்கவே ஆரம்பிச்சுட்டாக.

ஏன்? சுளுவு. அடிப்படை விதி 16. எழுத்துக்கு ஒரு சத்தம், சத்தத்துக்கு ஒரு எழுத்து. அழுத்தம் எப்பவும் கடைசிக்கு முந்தின அசையில. பெயர்ச்சொல்லுன்னா 'ஓ'வுல முடியும். பண்புன்னா 'ஆ'. 'லெர்னி'ன்னா படிக்கது. 'லெர்னாஸ்' படிக்கான், 'லெர்னிஸ்' படிச்சான், 'லெர்னோஸ்' படிப்பான். நான், நீ, அவன், அவுகன்னு யாரு வந்தாலும் வினை மாறாது. விதிவிலக்குக் கிடையாது.

ஒட்டுத விசயத்துல நம்ம பாஷைக்குச் சொந்தக்காரன் போல அது. 'சானா'ன்னா நலம். முன்னால 'மல்' போட்டா எல்லாம் தலைகீழு. 'மல்சானா' நலம் இல்ல. 'உல்' சேத்தா ஆளு. 'மல்சனுலோ' சீக்காளி. 'ஏய்' சேத்தா எடம். 'மல்சனுலேயோ'. நலமில்லாத ஆளு இருக்க எடம், ஆசுபத்திரி! ஒரு வார்த்தையைப் பிரிச்சாப் போதும், உள்ள இருக்கது எல்லாம் தெரியும். அகராதியைப் புரட்ட வேண்டாம்.

இந்த 'மல்' இருக்கே, அதைத்தான் ரொம்ப நம்பிட்டாரு. இடது பக்கம்னா 'வலதுக்கு எதுக்க'. குளிருன்னா 'சூட்டுக்கு எதுக்க'. கதவைத் திறன்னு சொல்லணும்னா 'மூடுததுக்கு எதுக்கச் செய்யி'. உசுரு போற அவசரத்துல இப்படிச் சுத்திக்கிட்டா நிக்க முடியும்? அதை விடு. 'யூனா'ன்னா இளமை. அப்ப என்னை மாதிரிக் கிழவனுக்கு என்ன பேரு? 'மல்யூனுலோ'. இளமை இல்லாதவன்! வாழ்ந்து முடிச்ச மனுசனுக்கு ஒரு பேரு வைக்கத் தோணல, இல்லாததை வச்சுப் பேரு வச்சிருக்காரு. டாக்டரு மேல எனக்கு இருக்க ஒரே வருத்தம் இதுதான்.

சத்தத்துலயும் ஒரு கோளாறு. 28 எழுத்துல ஆறு எழுத்துக்குத் தலையில குறி. அஞ்சுக்குத் தொப்பி, ஒண்ணுக்குப் பிறை. இந்த எழுத்து எந்த அச்சாபீசுல கிடைக்கும்? அச்சுக் கோக்கவன் கையைப் பிசைஞ்சான். தொப்பிக்குப் பதிலாப் பக்கத்துல ஒரு 'ஹெச்' போட்டுக்கோன்னு டாக்டரே வழி சொல்ல வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணு, இரண்டாம் வேத்துமைக்கு ஒரு 'ன்'. நாய் 'ஹுண்டோ', மனுசன் 'வீரோ', கடிக்கது 'மோர்தாஸ்'. 'லா ஹுண்டோ மோர்தாஸ் லா வீரோன்'. அந்தக் கடைசி 'ன்' நம்ம 'ஐ'. மனுசனை நாய் கடிக்கு, நாய் கடிக்கு மனுசனை, எப்படிப் புரட்டினாலும் கடிபட்டவன் மாறமாட்டான். நமக்கு இது பால்குடியில இருந்தே தெரிஞ்ச விசயம். மேக்கத்தி ஆளுகளுக்கு வேத்துமையே மறந்துபோச்சு. 'ன்' எதுக்கு, தூக்குன்னு கூப்பாடு.

இங்கதான் நீ காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கணும். 1894-ல டாக்டரே இறங்கி வந்தாரு. தொப்பியை எடுத்துருவோம், 'ன்'னையும் எடுத்துருவோம்னு ஒரு திருத்தத் திட்டம் போட்டாரு. போட்டுட்டு, நான் பெத்தேன், நான் சொல்லுததுதான் சட்டம்னு நிக்கல. பத்திரிகைச் சந்தாதாரங்ககிட்ட ஓட்டு விட்டாரு. பேசுதவுக என்ன சொன்னாக? பழசே இருக்கட்டும்னாக. பெத்தவனோட திருத்தத்தைப் பேசுதவன் தள்ளிட்டான்! டாக்டரு என்ன செஞ்சாரு? சரின்னுட்டாரு. அவ்வளவுதான். தொப்பியும் இருந்துச்சு, 'ன்'னும் இருந்துச்சு.

1907-ல வேற சில படிச்சவுக கூடி, தொப்பியை எடுத்து, 'ன்'னைக் கட்டாயம் இல்லாம ஆக்கி, இடோன்னு ஒரு பாஷையை வெளிய விட்டாக. எஸ்பெரான்டோவைவிட நல்லதுன்னாக. இருக்கலாம். கணக்காப் பாத்தா பல எடத்துல நல்லதுதான். கொஞ்சப் பேரு அங்க போனாக. ஆனா கூட்டம் நகரல. ஏன்? எஸ்பெரான்டோவுல அதுக்குள்ள கடுதாசி இருந்துச்சு, கதை இருந்துச்சு, கூட்டாளி இருந்தான். 1905-லயே பிரான்சுல பூலோன்ங்கிற கடற்கரை ஊருல முதல் மாநாடு. 688 பேரு. பல தேசத்து ஆளுக, மொழிபெயர்ப்பாளன் இல்லாம ஒருத்தரோட ஒருத்தர் பேசினாக. ஒருத்தன் ஊரு வாடை இன்னொருத்தன் பேச்சுல அடிச்சுச்சு, ஆனாலும் புரிஞ்சுச்சு. அந்தக் கூட்டத்தைப் பாத்தவன் 'ன்'னுக்காக வீடு மாறுவானா?

முதல் புஸ்தகத்துலயே அந்த மனுசன் எழுதி வச்சுட்டாரு, இந்தப் பாஷை மேல தனக்கு எந்த உரிமையும் வேண்டாம், இது எல்லாருக்கும் பொதுச் சொத்துன்னு. 1912-ல கிராக்கோவ் மாநாட்டுல தலைமையையும் விட்டு இறங்கிட்டாரு. ஷ்லையர் கண்ணை மூடின அதே வருசம்.

இனி ஒரு விசயம், இது சிரிக்க விசயம் இல்ல. ஹிட்லர் ஆட்சி 1936-ல எஸ்பெரான்டோ சங்கங்களைத் தடை பண்ணுச்சு. ஸ்டாலின் ஆட்சியில 1937, 38-ல அதைப் பேசினவுகளைப் பிடிச்சு உள்ள போட்டாக, சுட்டாக. சாமென்ஹோஃப் 1917-லயே போயிட்டாரு. அவருக்கு மூணு புள்ளைக. மகன் ஆதாமை 1940-ல ஹிட்லர் ஆளுக சுட்டாக. மகள்கள் ஸோஃபியாவையும் லிதியாவையும் 1942-ல த்ரெப்ளிங்கா முகாமுல கொன்னாக. யூதருங்கிறதே கொல்லுததுக்குப் போதுமான காரணம் அவனுகளுக்கு. அதுபோக, 16 விதி இருக்க ஒரு இலக்கணத்துக்கா பயந்தானுக? எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கவனுக்கு நம்ம ஆளு கடுதாசி எழுதுதான், அவன் பதில் போடுதான், அதுக்குத்தான் பயந்தானுக. யாரும் பேசாத பாஷையை எந்த சர்க்காரும் தடை பண்ணினதில்ல.

இப்பவும் சொத்துச் சண்டை தீரல. 2015 கடைசியில ஒரு ரசிகர் கூட்டம் சொந்தமா 'ஸ்டார் ட்ரெக்' படம் எடுக்கப் போக, பாரமவுண்ட் கம்பெனி கேஸ் போட்டுச்சு. என்னென்ன எங்க சொத்துன்னு குடுத்த பட்டியல்ல கிளிங்கான் பாஷையையும் சேத்துச்சு. 2016-ல பாஷை பண்ணுதவுக சங்கம் ஒண்ணு கோர்ட்டுக்கு மனுக் குடுத்துச்சு. பேசுத பாஷைக்கு எவனும் பட்டா வாங்க முடியாதுன்னு. மனுவுக்குள்ள அங்கங்க கிளிங்கான்லயே எழுதி வச்சிருந்தாக. நீதிபதி அதைப் பத்தித் தீர்ப்பு சொல்லுததுக்கு வேலை இல்லாம கேஸ் சமரசமாப் போச்சு. தீர்ப்பு வந்தா என்ன, வராட்டி என்ன? பேசுதவன் வாயில போயி எவன்லே வேலி போடுவான்?

எஸ்பெரான்டோ மட்டும் உலகத்தை ஆண்டுச்சாக்கும்னு கேக்க. ஆளல. கோடிச் சீட்டும் வரல. ஆனா நூத்து முப்பது வருசத்துக்கு மேல பேசிக்கிட்டு இருக்கான். வேற வேற தேசத்து ஆணும் பொண்ணும் அதுல பேசிப் பழகி, கல்யாணம் முடிச்சு, புள்ளைகளுக்கு அதுலயே சோறு ஊட்டியிருக்காக. அந்தப் புள்ளைகளுக்கு அது தாய்மொழி. கண் டாக்டரு நோட்டுல எழுதினது ஒரு வீட்டு அடுப்படி வரைக்கும் போயிருக்குன்னா வேற என்னலே வேணும்?

ஆகவே மகனே, எழுபது மெய்யெழுத்தை இருபதாக் குறை. உனக்கே சொல்ல வராத சத்தத்தை அடுத்தவன் தொண்டையில திணிக்காத. வேத்துமை நாப்பது வேணும்னா வச்சுக்கோ, ஆனா தண்ணி கேக்க, சோறு கேக்க, சண்டை போட, சமாதானம் சொல்ல வார்த்தையை முதல்ல பண்ணு. விண்கப்பலைப் பொறவு பாத்துக்கிடலாம். கிழவனுக்குன்னு மரியாதையா ஒரு வார்த்தை போடு. இதெல்லாம் செஞ்சு முடிச்சுட்டா, சொந்தக்காரன்ங்கிற நெனப்பை விட்டுரு. உன் பாஷையில ஒருத்தன் வந்து, நீ எழுதின விதியை மீறி, நீ கனவுல கூட நெனைக்காத ஒரு வாக்கியத்தைப் பேசுவான். அவனை மட்டும் திருத்திராத.